கேட் மூடியிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் எல்லோருக்கும் தெரியும்,
கேட் ஒரு தரம் மூடினால்
ஒரு சுண்டல் பொட்டலம் தீரும்,
ஒரு சண்டை தொடங்கி, ராசியும் ஆகிவிடும்.
எனக்கு, நல்ல நாளாக இருந்தால்,
பதினோரு வரி.

கூட்டுறவு சங்கத்தில் நகைக்கடன் எழுதும் அதே கைதான்.
உரச் சீட்டின் பின்பக்கத்தில்,
ஸ்கூட்டர் சீட்டில் தாளை வைத்து எழுதுவேன்.
கேட் தூக்கியதும் பின்னால் ஹாரன்.
பாதி வினைச்சொல்லோடு தண்டவாளம் தாண்டியிருக்கிறேன்
எத்தனையோ சாயங்காலம்.

வீட்டில் இரண்டு பேர்.
பழைய ரசீதுப் பெட்டிக்குள்
கண் திறக்காமல் கிடைத்த பூனை, வவுச்சர்.
அறுவடை வயலில் மேய்த்துவிட்டுப் போன வாத்துக்காரர்கள்
எண்ணிக்கையில் விட்டுப்போன ஒன்று,
அதன் பெயர் பாக்கி. இடதுகால் இழுக்கும்.
நான் உட்கார்ந்தால் பூனை தாளின் மேல் படுக்கும்.
வாத்து கொல்லைக் கதவில் நின்று
இன்னும் எழுதாத வரிக்கும் சேர்த்து
அபிப்பிராயம் சொல்லும்.

தை மாதம் ஒரு ஞாயிறு வடுவூர் ஏரிக்குப் போனோம்,
அற்புதமேரி, வாகிதா,
கேட்டை ஒட்டி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செங்கமலம்,
ஆட்டோவில் எங்கள் கால்களுக்கிடையே
அவளுடைய நாய் சிக்னல்.
வாகிதா மகனின் பைனாகுலரில் ஒரு கண்தான் தெரியும்.
நத்தைகுத்தி நாரை நூற்றுப்பன்னிரண்டு என்றாள் மேரி.
நாற்பதைத்தான் மூன்று தரம் எண்ணியிருக்கிறாள்.
தக்காளி சோற்றில் உப்பில்லை,
அதைச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை,
சிக்னல் மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்தான்.
"ஏரியப் பத்தி ஒண்ணு எழுதேன்" என்றார்கள்.
பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு எழுத வராது.

பங்குனியில் சிக்னல் செத்துப்போனான்.
ரயிலில் இல்லை, வயதில்.
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
செங்கமலம் சொன்னாள்:
"நீதான் எழுதுறவளாச்சே. நாலு வரி குடு.
ஃப்ளெக்ஸ் வைக்கணும்."

முப்பத்தாறு வயதில்
என்னிடம் முதல்முதலாக ஒருவர்
எழுத்து கேட்கிறார்.

விடிய விடிய அடித்தேன்.
'நன்றியின் உருவமே' போனது.
'வானில் கலந்த வாலே' போனது,
அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.
ஃப்ளெக்ஸ்காரர் பாஸ்கரதாஸ்
இமயம் சரிந்தது என்று ரெடிமேடாகவே இருக்கிறது,
எதற்கு மெனக்கெடுகிறீர்கள் என்றார்.
கடைசியில் மிஞ்சியது இவ்வளவு:

சிக்னல்.
பிறந்த தேதி தெரியாது.
மணி அடித்தால் எழுந்து நிற்பான்.
ரயில் போனதும் படுத்துக்கொள்வான்.
போகிறவர் எவரையும் குரைத்ததில்லை.

ஆறுக்கு நான்கு,
கேட்டுக்குப் பக்கத்திலேயே கட்டினார்கள்.
மூன்றாவது வரியில்
'எழுந்து' 'எழுத்து' ஆகியிருந்தது.
மணி அடித்தால் எழுத்து நிற்பான்.

மாற்றித் தருகிறேன் என்றார் பாஸ்கரதாஸ்.
நான் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.
செங்கமலம் கவனிக்கவே இல்லை,
அவள் போட்டோவை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் நெல் ஏற்றிய கூட்ஸ்,
நாற்பத்திரண்டு பெட்டி, ஊர்ந்தது.
கேட்டின் இந்தப் பக்கம் நின்ற எல்லோரும்
வேறு வேலையில்லாமல் என்னை வாசித்தார்கள்.
மன்னார்குடி பஸ் ஜன்னலோரம் முழுக்க.
கேஸ் சிலிண்டர் கட்டிய பைக்கில் ஒருவர்
டேங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு
எழுத்துக் கூட்டிக் காட்டினார்.
"இப்ப மணி அடிச்சா யாருப்பா நிப்பா?"
அவர் பதில் சொல்லவில்லை.
ஹெல்மெட்டுக்குள் இருந்ததால்
என் முகம் யாருக்கும் தெரியவில்லை.

பெட்டிகள் முடிந்தன. கேட் தூக்கியது.
பின்னால் ஹாரன்.

பாலம் தாண்டியபிறகுதான் ஞாபகம் வந்தது,
பாக்கிக்குத் தவிடு வாங்கவில்லை.
திரும்பினேன்.
மறுபடி மூடியிருந்தது.