பன்னிரண்டு சென்டிமீட்டர்

எங்கள் படிவத்தில் ஒரே கேள்விதான்:
இன்று அதிகபட்சம் என்ன செய்தார்?
பூஜ்யம் முதல் பத்து வரை கட்டங்கள்.
ஒன்றில் பேனாவால் வட்டம்.

நோல்பெர்த்தோ பர்ரியாவுக்குப்
பத்தொன்பது நாள் பூஜ்யம்.
புந்தா அரேனாஸ் துறையில்
நண்டுப் படகொன்றின் சமையல்காரர்.
நுரையீரலில் சீழ், தொண்டையில் குழாய்,
மயக்க மருந்தின் அடியாழத்தில் கிடந்தார்.
அவர் முழங்காலை மடக்குவேன், நீட்டுவேன்,
கணுக்காலைச் சுழற்றுவேன்.
அதெல்லாம் என் அசைவு.
கணக்கில் வராது.

தொடையைச் சுற்றி நாடா வைத்தால்
வாரத்துக்கு வாரம்
ஒரு விரற்கடை குறைகிறது.
படுக்கை சதையைத் தின்னும் என்று
பாடத்தில் படித்ததுதான்.
நாடாவில் பார்ப்பது வேறு.

இருபதாம் நாள் கண் திறந்தார்.
கையை அழுத்தச் சொன்னேன்.
ஈரத் துணி நழுவியதுபோல் ஏதோ நடந்தது.
அழுத்தினாரா,
இல்லை நான் ஆசைப்பட்டேனா?
செவிலி யாஸ்னாவைக் கூப்பிட்டு
அவள் விரலைக் கொடுக்கச் சொன்னேன்.
"இருக்கிறது," என்றாள்.

பிறகு இரண்டு:
நாலு பேர் பட்டையில் தூக்கி
நாற்காலியில் இறக்கினோம்,
மூச்சுக் குழாயை ஒருத்தி ஏந்தி வர.
பிறகு மூன்று:
கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்தார்.
முதுகுக்குப் பின்னால் என் கை,
தொடாமல், ஒரு சாண் தள்ளி.
பதினோரு விநாடி.
அடுத்தடுத்த எண்கள்தாம்.
ஆனால் இரண்டு, சுமை.
மூன்று, ஆள்.

புதன்கிழமை நின்றார். நான்கு.
வியாழன் காய்ச்சல்.
வெள்ளி பூஜ்யம், சனி பூஜ்யம்,
ஞாயிறு எனக்கு விடுமுறை,
வேறொருவர் கையெழுத்தில் பூஜ்யம்.
தலைமை மருத்துவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கழுத்துத் துளையில் பேச்சு வால்வு மாட்டிய அன்று
சாக்கிலிருந்து அரிசி சரியும் குரலில் கேட்டார்:
"அதில் தினமும் என்ன எழுதுகிறாய், பெண்ணே?"
காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"எங்கள் படகிலும் அளவுகோல் உண்டு.
ஓடு பன்னிரண்டு சென்டிமீட்டர் இல்லையென்றால்
நண்டைத் திரும்பக் கடலில் போட்டுவிட வேண்டும்.
நான் இப்போது எவ்வளவு?"
மூன்று, என்றேன்.
"அப்போது போட்டுவிடு."
யாஸ்னா சிரித்தாள்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
படிவத்தில் அன்று தேதியைத் தப்பாக எழுதினேன்.

இரவுப் பேருந்தில்தான் உறைத்தது.
பெரிய நண்டுகள் கொதிக்கிற அண்டாவுக்குப் போகின்றன.
அண்டாவுக்குப் பக்கத்தில்
முப்பது வருடம் நின்றவர் அவர்.
திரும்பப் போடுவதுதான் பிழைக்கிறது.

இரண்டு பேர் பிடிக்க நடந்தார், ஏழு.
நான் ஒருத்தி மட்டும் பிடிக்க
ஜன்னல்வரை வந்தார், எட்டு.
வெளியே நீரிணை வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.
கடலைப் பார்ப்பார் என்று பேசாமல் நின்றேன்.
அவர் வாகன நிறுத்தத்தைப் பார்த்தார்.
யாரோ கார்க் கதவைத் திறக்க
ரொட்டிப் பொட்டலம் காற்றில் பறந்து
வேலியில் ஒட்டிக்கொண்டது.
"சூடான ரொட்டி," என்றார்.
"காகிதம் வியர்த்திருக்கிறது பார்."

எட்டோடு கீழ்மாடிக்கு அனுப்பினோம்.
அங்கே வேறு ஆட்கள், வேறு படிவம்.
அவர் பத்தைத் தொட்டாரா,
எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.
அந்தக் கட்டிலில் மறுநாளே
ஒரு பூஜ்யம் வந்து படுத்திருந்தது,
மாரிட்சா என்று பெயர், இருபத்தாறு வயது.

அக்டோபரில் காற்று வெறிபிடித்த மாலை.
நகராட்சிக்காரர்கள் நடைபாதை நெடுகக்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தார்கள்.
எனக்கு முன்னால் ஒரு வங்கி ஊழியர்,
தொப்பியைப் பல்லால் கடித்த ஒரு கிழவர்,
புத்தகப்பையோடு ஒரு சிறுமி,
எல்லோரும் ஒரே கயிற்றில்.
சாதனத்தின் துணையோடு தானே நடப்பது: ஒன்பது.
வாய்க்குள் சொல்லிக்கொண்டேன், தொழில் புத்தி.

மூலைக் கம்பத்தோடு கயிறு முடிந்தது.
என் வாசலுக்கு இன்னும் இருபது அடி.
முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி
எடையை முன்பாதத்துக்குக் கொண்டுவந்து
கையை விட்டேன்.