அடிக்கோடு

சால்ட்ஹோல்மனில் தண்டவாளம் முடிகிறது.
அதற்கப்பால் படகுதான், கடல்தான்.
வட்டமடித்து டிராமை நிறுத்தினால்
அட்டவணை எனக்குத் தருவது பதினோரு நிமிடம்.
மற்ற ஓட்டுநர்கள் புகைக்கிறார்கள்.
நான் கால்களைப் பார்க்கிறேன்.

கடற்காகங்களின் கால்களை.
படகுத்துறையில் கம்பத்துக்கு ஒன்றாக
காற்று வரும் திக்கில் முகம் வைத்து
நிற்கும் அவை,
யாரோ வரிசை எண் கொடுத்து நிறுத்தியதுபோல.

நவம்பர் நான்கு. ஏழாம் கம்பத்தில்
இடது காலில் ஒரு வெள்ளை வளையம்.
ஜே என்று நான் எழுதி முடிப்பதற்குள்
அந்தக் காலை மட்டும் மடக்கி
வயிற்றுப் பஞ்சுக்குள் செருகிக்கொண்டது.
ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தது,
சீட்டு இல்லாதவன் பரிசோதகரைப் பார்ப்பதுபோல,
அவ்வளவு நிதானமாக.

ஒன்பதாம் தேதி ஒரு ஏழு கிடைத்தது.
பிறகு மழை.
பிறகு என் விடுமுறை; அன்றும் போனேன், பயணியாக.
அது வரவில்லை.
பிறகு ஒரு வாரம் வேறு தடத்தில் போட்டார்கள்.
ஆங்கரெட் முனையில்
அடுக்குமாடிகளுக்கு மேல் வெறும் வானம்.

மூன்றாம் எழுத்துக்கு ஷெர்கோ உதவினான்.
துறையில் காபி விற்பவன், சுலைமானியாக்காரன்.
பறவைகளைப் பற்றி அவனுக்கு ஒரே கருத்து:
திருட்டுக் கூட்டம்.
இருந்தாலும் இறால் ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து வீசினான்.
கால் இறங்கியது.
தொலைநோக்கிக்குள் எல்லாம் நடுங்கியது, என் கைதான்.
ஜே ஏழு ஈ.

பத்து நாற்பத்திரண்டு வண்டி
பத்து நாற்பத்துநான்குக்குக் கிளம்பியது.
தாமதத்துக்குக் காரணம்: கதவுக் கோளாறு.
இருபத்தாறு வருடத்தில்
நான் எழுதிய முதல் பொய்.

பதில் நார்வேயிலிருந்து வந்தது,
வளையம் மாட்டும் ஓட்வாரிடமிருந்து.
"அன்புள்ள வெண்டேலா, நன்றி. ஒரு சிக்கல்.
ஜே ஏழு ஈ நான்கு வருடம் முன்பு
டென்மார்க்கில் ஒரு சாலையோரம் செத்துக் கிடந்தது.
வளையத்தைக் கழற்றி அனுப்பிவிட்டார்கள்.
இப்போது அது என் மேசையில்
பேனாக்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது."

மறுநாள் செத்தது ஏழாம் கம்பத்தில் நின்றது.
இறகு கோதியது. எச்சமிட்டது.
ஷெர்கோவிடம் சொன்னேன்.
"செத்தவர்களும் இங்கே உட்கார்ந்தால்
காபி வாங்கத்தான் வேண்டும்" என்றான்.

பன்னிரண்டு நாள் அது அப்படியே இருந்தது,
செத்தும், பசித்தும்.
நான் அவசரப்படவில்லை.
உண்மையைச் சொன்னால்
தொலைநோக்கியை வண்டியிலேயே விட்டுவிட்டு
வெறுங்கையோடு போய் நின்ற நாளும் உண்டு.

பதின்மூன்றாம் நாள் உறைபனி, கண் கூசும் வெயில்.
வளையத்தில் ஒட்டியிருந்தது
கம்பத்துப் பாசியின் ஒரு நூல்,
எழுத்தின் அடியில், கோடு போட்டதுபோல.
அது குனிந்து அலகால் காலைக் கொத்தியது.
கோடு விழுந்துவிட்டது.
ஈ, எஃப் ஆகிவிட்டது.

ஜே ஏழு எஃப். பத்தொன்பது வயது.
அதே தீவு, அதே ஜூன் மாலை,
ஈக்கு அடுத்து ஓட்வார் கையில் எடுத்த குஞ்சு.
ஒரே கூடா?
"தெரியவில்லை, அந்தப் பக்கத்தில் மழை பட்டிருக்கிறது" என்கிறார்.

என் நோட்டில் ஈயை அடித்தேன்,
ஒரே கோட்டில்,
அடியில் இருப்பது வாசிக்க வரும்படி.

ஜனவரியில் புது அட்டவணை.
சால்ட்ஹோல்மனில் இனி ஏழு நிமிடம்,
கழிப்பறைக்கு மூன்று போக நான்கு.
நான்கில் ஒரு எழுத்து பார்க்கலாம்,
காற்று இல்லாவிட்டால் இரண்டு.

இன்று தூரத்துப் பாறையில் ஒரு பச்சை வளையம்.
எழுத்து பிடிபடவில்லை.
மணியடித்தேன், கதவை மூடினேன்.
தள்ளுவண்டியில் பிள்ளையோடு ஓடிவந்த ஒருத்திக்காக
மறுபடி திறந்தேன்.