கிலோவுக்கு எத்தனை தட்டு

மேலப்பாளையத்துக்கு மூணு சாக்கு வந்திருக்கிறது,
எரித்துப் பார்க்க.

மரத்தூள் வில்லை: சுண்டினால் கிணுங்கும்.
கிலோவுக்குப் பதினெட்டுத் தட்டு இடியாப்பம்,
புகை ஒரு நூல்தான்.
கடலைத்தோல் பதினாலு.
அடியில் கண்ணாடி மாதிரி கட்டி,
குறடு போட்டு எடுத்தேன்.
உமி பதினொன்று,
இருமல் தனிக்கணக்கு.

ராத்திரி ஐப்பசி மழை.
சாக்கு வாயைக் கட்ட மறந்துபோனேன்.
பாங்கு சொல்லுமுன் போய்ப் பார்த்தால்
பதினெட்டுத் தட்டுக்காரன்
ஊறி, உதிர்ந்து, உப்புமா.

விற்க வந்த சிந்தா மதார்
போனில் எண்களைத் தள்ளிக் காட்டுகிறான்:
"நூத்துக்கு ஒண்ணுகூடச் சாம்பல் விழாது, ராத்தா."

"அப்போ விரால் உரச
நான் எங்கலே போக?"

சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
மரத்தூள் நாலு மூட்டை,
உமி ஒன்று, எழுதிக்கோ என்றேன்.
வெள்ளிக்கிழமை மீன் உண்டு.