ஒரே கன்றின் தோல்

அந்தக் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி.
மூன்று வாரம் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்துச்
சட்டத்தில் இழுத்துக் கட்டி
பிறைக்கத்தியால் வழித்தேன்.
முதுகெலும்புக் கோட்டில் இரண்டாக வெட்டியதும்
வலது பாதியை அரசனின் ஆள் கொண்டுபோனான்,
இடது பாதியை ஆயரின் எழுத்தன் வோல்க்மார்.
காசு கேட்டால்
இருவர் வாயிலும் ஒரே பதில்: அப்புறம்.

வலது பாதியில் எழுதினார்கள்:
ஆயருக்கு மோதிரம் அணிவிப்பது அரசன் கை.
இடது பாதியில்:
அந்தக் கை அழுகட்டும்.
அதற்குச் சுங்கம் கட்டும் ஊரில்
மணி ஒலிக்காது, பூசை நடக்காது,
பிணத்துக்குப் புனித மண் கிடையாது.

எனக்குப் படிக்கத் தெரியாது.
சந்தையில் உரக்க வாசித்தபோது
நான் பார்த்தது தோலில் ஓடிய நரம்பைத்தான்.
சாபத்தின் நடுவே கிளைத்து
வெட்டிய ஓரத்தில் நின்றிருந்தது.

மணி நின்றதில்
ரொட்டி கருகியது, மதகு பூட்ட மறந்தார்கள்,
வேசர் ஆறு இரண்டு தெருவுக்குள் வந்தது.
பிறகு காய்ச்சல்.
ஹில்ட்ரூட் ஐந்தாம் நாள் போனாள்.
பங்குக்குரு டெட்மார் கதவைத் திறக்கவில்லை;
கீழ் இடுக்கு வழியாக
ஒரு மெழுகுவர்த்தியை உருட்டிவிட்டார்.
பாதி எரிந்தது.

மதிலுக்கு வெளியே டர்னிப் வயல்.
சுண்ணாம்பு அள்ளும் மண்வெட்டியால் தோண்டினேன்.
மந்திரம் தெரியாததால்
அவள் எனக்குத் தரவேண்டிய திட்டுகளை
நானே சொல்லி மூடினேன்.

நான்கு வருடம் கழித்துச் சமாதானம்.
கோலும் மோதிரமும் அவர்களுக்காம்,
நிலமும் சுங்கமும் இவர்களுக்காம்.
இரவெல்லாம் மணி அடித்தது,
நாய்கள் ஒடுங்கிக் கிடந்தன.

அந்த வாரமே இரண்டு தோலும் என்னிடம் திரும்பின:
"வழித்துக் கொடு, வேறு எழுத வேண்டும்."
நுரைக்கல்லால் தேய்த்தேன்.
ஆணையிலிருந்தும் சாபத்திலிருந்தும்
ஒரே பழுப்புத் தூள்.
எனக்குத் தும்மல் வந்தது.

வயலை மந்திரித்துத் தரச் சொல்லி டெட்மாரிடம் போனேன்.
ஒப்பந்தத்தில் வயலைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார்,
என் காலணியைப் பார்த்தபடி.

தோல்களைத் திருப்பித் தரவில்லை.
கடனுக்கு ஈடு என்றேன்; யாரும் வற்புறுத்தவில்லை.
முதுகுக் கோட்டில் சேர்த்துத் தைத்து
எண்ணெய் பூசி
வயல் பக்கத்து ஜன்னலில் அடித்திருக்கிறேன்.
நரம்பு பொருந்திவிட்டது,
தையலில் மட்டும் சற்றே மேடு.

வெயில் ஏறும்போது
வழித்த எழுத்துகள் மங்கலாக எழும்பும்,
எது யாருடையது என்று தெரியாது.
அவற்றின் பின்னால் பச்சையாக
ஏதோ அசையும்.
டர்னிப் இலைதான்.
இந்த வருடம் நன்றாக விளைந்திருக்கிறது;
இன்னும் நான் பிடுங்கவில்லை.