விசில் நிற்கும் வரை

குழாயை மாட்டிவிட்டுக் காது கொடுத்து நிற்பதுதான்
என் வேலையில் பாதி.
நிலவறைத் தொட்டிக்குள் எண்ணெய் இறங்க இறங்க
உள்ளிருந்த காற்று
சுவரோரக் குழல் வழியே விசிலடித்துக்கொண்டு வெளியேறும்.
விசில் நின்றால் தொட்டி நிறைந்தது.
வெர்னா பெல்கியின் வீட்டில்
அது தானாக நின்று நான் கேட்டு
மூன்று குளிர்காலம் ஆகிறது.

மேய்ன் மாநிலத்தின் வட விளிம்பு. ஜனவரி.
மூக்குக்குள் மயிர் உறையும் காலை.
ஆற்றுக்கு அந்தக் கரையில் கனடா;
அங்கும் இதே புகைபோக்கிகள்,
அடுக்களை மேசையில் இதே பென்சில்.

நூறு கேலனுக்குக் குறைந்தால் லாரி வராது என்பது
கம்பெனிச் சட்டம்.
இன்றைய விலைக்கு முந்நூற்று எண்பத்தொன்பது டாலர்.
உருளைக்கிழங்குக் கிடங்கில் வெர்னாவுக்கு
வாரம் நான்கு நாள்தான் வேலை இப்போது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என்பார்களே,
அப்படிப் பார்க்கிறாள் அந்தச் சிவப்பு மிதவையை.
பக்கத்துச் சுவரில் ஒட்டுநாடா, அதில் தேதிகள்:
கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அரை.
பத்தாம் தேதி, கால்.
அதன்பிறகு கோடுகள் நெருங்கவில்லை,
ஓடுகின்றன.
தொட்டியின் அடி உருண்டை.
கடைசிக் கால்பங்கு
ஒருநாளும் கால்பங்காக இருந்ததில்லை.

கொதிகலன் உறுமத் தொடங்கினால் கடிகாரம் பார்ப்பாள்.
பதினோரு நிமிடம் ஓடி அடங்கினால்
"அறுபது சென்ட்" என்பாள், யாரிடமும் இல்லாமல்.
நான் ரசீதில் கையெழுத்து வாங்கக் கதவைத் திறந்தபடி நின்றேன் ஒருமுறை.
"ரோசேர், நீ இப்போது கால் டாலர் ஆகிறாய்."
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
பையன் எமரி இரண்டு காலுறைக்கு மேல் மூன்றாவதை இழுத்துக்கொண்டே
"முப்பது ஆகிவிட்டது அம்மா" என்றான்.

போன வெள்ளி இரவு
எண்ணெய் முந்தியதா திரி முந்தியதா என்றால்
எண்ணெய்தான்.
பெட்ரோல் பங்கில் ஐந்து கேலன் டீசல் வாங்கி
மஞ்சள் கேனைத் தோளில் தூக்கி
பனியில் நின்று அவளே ஊற்றியிருக்கிறாள்.
டீசலும் எரியும், விலைதான் கூட.
குழாயில் புகுந்த காற்றை எடுக்க
திருகியைத் தளர்த்தி, நுரை வடித்து, மறுபடி இறுக்கி,
செய்முறையை அவள் சொன்னபோது
மெக்கானிக்குக்குத் தரவேண்டிய நூற்றிருபது டாலர்
முகத்தில் ஒரு கணம் பளிச்சென்றது.

இன்று காலை முதல் வண்டி ஏரிக்கரைக்கு.
பாஸ்டன் பல் டாக்டரின் கோடை வீடு.
ஜூன் வரை அங்கே ஆள் கிடையாது,
தண்ணீர்க் குழாய்கள் மட்டும் குளிர்காய்கின்றன.
இருநூற்று முப்பது கேலன் இறங்கிற்று,
விசில் நீளமாகப் பாடி, தானே நின்றது.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.
அந்தத் துணிகளுக்குக்கூடக் குளிரவில்லை.

திரும்பும் வழியில் வெர்னா, படியில், கோட்டுடன்.
இரண்டு நூறு டாலர் தாள்கள்.
"இதற்கு எவ்வளவு வருமோ."
வானொலியில் மூரியலிடம் சொன்னேன்,
ஐம்பத்தொன்று, வழியில்தான், தனி ஓட்டம் இல்லை.
மூரியல் தொண்டையைச் செருமினாள்.
சட்டம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை,
சரி என்றும் சொல்லவில்லை.

தயாள குணம் என்று நினைத்துவிட வேண்டாம்.
எண்ணெய் வண்டி ஓட்டும் நான்
என் வீட்டில் விறகு எரிக்கிறேன்.
ஊழியர் தள்ளுபடி கேலனுக்குப் பத்து சென்ட்;
அதை வைத்து என் மனைவி
ஒரு அறையைக்கூட அக்டோபருக்கு அப்பால் கொண்டுபோக முடியவில்லை.
என் கையுறையில் எப்போதும் அந்த வாடை,
என் சுவருக்குள் இல்லை.

மீட்டர் எண்கள் உருண்டன.
ஐம்பத்தொன்று புள்ளி நான்கில் வால்வை மூடினேன்.
விசில் பாதி மூச்சில் அறுந்தது.
படியில் நின்றவள் அதைக் கேட்டாள்,
நான் கேட்டதையும் பார்த்தாள்.

உள்ளே கொதிகலன் உறுமிற்று.
ரசீதை நீட்டினேன்.
அவள் அதை வாங்கவில்லை இன்னும்,
கோட்டின் கையை மேலே தள்ளி
மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.