யாருக்கு மேலுக்குச் சொகமில்ல

புளித்த மோர் அரைச் செம்பு.
கொட்ட மனசில்லை, குடிக்க வாய் கூசுகிறது.
அதிலிருந்துதான் தொடங்கியது.

கோதுமை மாவு இரண்டு டம்ளர், மைதா ஒன்று,
உப்பு, ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா.
ஈஸ்ட் கிடைக்கவில்லை.
சந்திப்பிள்ளையார் முக்கில் மூன்று கடை ஏறி இறங்கினேன்.
மூன்றாம் கடைக்காரர் கேட்டார்,
"அது எலிக்கா, கரப்பானுக்கா?"

ஈஸ்ட் என்றால் துணி போட்டு மூடி
தூங்கும் பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டிருக்கணுமாம்.
சோடாவுக்கு அந்தப் பொறுமை கிடையாது.
மோர் பட்டதும் சுர்ரென்று கோபித்துக்கொள்ளும்.
கோபம் ஆறுமுன் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.
பிசையக் கூடாது, சும்மா கூட்டினால் போதும்.
அதுதான் கஷ்டம்.
இருபது வருஷம் சப்பாத்தி மாவை அமுக்கிய கை
விடு என்றால் விடமாட்டேன் என்கிறது.

போன ஞாயிறு விடவில்லை.
வந்தது ரொட்டி இல்லை, செங்கல்.
ஆடிக் காற்றில் அடித்துக்கொண்ட பின்கதவுக்கு
அதை அண்டை கொடுத்தார் என் வீட்டுக்காரர்.
ஒரு வார்த்தை பேசாமல் கொடுத்தார்,
அதைத்தான் தாங்க முடியவில்லை.

இன்று குக்கரில் வாஷரை எடுத்தேன், விசிலை எடுத்தேன்.
அடியில் மணல் போடச் சொல்கிறார்கள்.
ஆறு கூப்பிடு தூரத்தில் ஓடுகிறது,
ஒரு படி மணல் அள்ளத்தான் பயமாக இருக்கிறது.
இரண்டு கிலோ கல்லுப்பைக் கொட்டினேன்.
மாவு உருண்டையின் தலையில்
குறுக்கும் நெடுக்கும் இரண்டு கீறல். மூடி. சிறு தீ.

கால் மணி நேரத்தில் வாசனை கிளம்பிவிட்டது.
எங்கள் வளவில் நாலு வீடு, ஒரே கிணறு.
எதையும் ஒளிக்க முடியாது.

ரொட்டிக்கு இங்கே ஒரே அர்த்தம்தான்: காய்ச்சல்.
இட்லி இறங்காத தொண்டைக்கு
பாலில் நனைத்துக் கொடுப்பது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகிறவர்கள்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவது.

முதலில் ஆவுடையம்மாள் மதினி வந்தாள்.
"யாருக்குட்டி மேலுக்குச் சொகமில்ல?"
"யாருக்கும் ஒண்ணுமில்ல மதினி."
"பிள்ளைக்கா?"
பிள்ளை முற்றத்தில் சைக்கிளில் வட்டம் போட்டான்.
"அவியளுக்கா?"
அவியள் உள்ளே பேப்பரோடு செருமினார்.
குரலைத் தாழ்த்தி, "ஒனக்கா? நாள் தள்ளியிருக்கா?"
நாற்பத்தாறு வயதில் வெட்கப்படவும் தெரியவில்லை.

அதற்குள் சுடலைமுத்து வீட்டிலிருந்து
இரண்டு சாத்துக்குடி வந்தது.
மாடியிலிருந்து பியூலா டீச்சர்
பாதி பாட்டில் ஹார்லிக்ஸ் கொடுத்தனுப்பினார்.
திருப்பிக் கொடுத்தேன், வாங்கவில்லை.
"வச்சிக்கிடுங்க. சொல்லக்கூடாத சீக்குன்னா சொல்ல வேண்டாம்."

மூடியைத் திறந்தேன்.
கீறிய இடம் விரிந்து, நாலு முனையும் சிவந்திருந்தது.
மதினி எட்டிப் பார்த்தாள்.
"என்னட்டி, சிலுவ போட்டிருக்க? வேதத்துல சேந்துட்டியா?"
"சூடு உள்ள போறதுக்கு வழி மதினி."
கவிழ்த்து அடியில் தட்டினேன்.
பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டியதுபோல் பொள்ளென்று கேட்டது.
வெந்துவிட்டது.

"பாலில தொட்டுத் தரட்டா?"
"வேண்டாம்" என்றாள்,
நான் கேட்டு முடிக்கும் முன்பே.

பிறகு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்:
"முப்பத்தோரு நாள் கட்டிலுக்குக் கீழ படுத்திருந்தேன்லா.
அவியளுக்கு நடுவுல உள்ளத நனைச்சுக் குடுப்பேன்.
ஓரத்த நான் தின்னுக்கிடுவேன்.
அதுக்கப்புறம் தொட்டதில்ல."

மத்தியானச் சொதி மிச்சமிருந்தது.
சுட வைத்துக் கிண்ணத்தில் ஊற்றினேன்.
ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டை நீட்டினேன்.
கை தானாக ஓரத்துக்குப் போனது.
எடுத்தாள்.
கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள்.
திரும்ப வைத்துவிட்டு
நடுத்துண்டை எடுத்தாள்.
தேங்காய்ப்பாலில் முக்கி, சொட்டச் சொட்ட
வாய் நிறையப் போட்டுக்கொண்டு,
"உப்பு பத்தாது" என்றாள்.
இன்னொன்றும் எடுத்தாள்.

ஓரத்தை நான் தின்றேன்.
மொறுமொறுவென்று,
ஓரம்தான் நன்றாக இருந்தது.
அதை அவளிடம் சொல்லவில்லை.