பட்டம் தப்பியவை

புதுவயல் சந்தையில் என் கடை என்பது
ஒரு தார்ப்பாய், பதினெட்டு டப்பா.
கத்தரிக்கு மட்டும் நான்கு:
வரி, பச்சை, முள்,
இன்னொன்றுக்கு நானும் பெயர் வைக்கவில்லை.
வருகிறவர்கள் விலை கேட்குமுன்
'எப்பப் போடலாம் பஞ்சவர்ணம்?' என்பார்கள்.
எங்கே போடப்போகிறீர்கள் என்று
நான் திருப்பிக் கேட்பேன்.
பாதிப் பேருக்கு அது பிடிக்காது.
கத்தரிக்காய்க்குக் கூடவா
ஊர் விசாரிப்பது?

வள்ளிக்கண்ணு ஆச்சியின் மகள் டொராண்டோவில்.
மாசி பாதிக்கு மேல்
தயிர் டப்பாவில், ஜன்னலோரம் விதைக்கச் சொன்னேன்.
வெளியே பனி கிடந்தால் கிடக்கட்டும்.
வைகாசி கடைசியில்,
கம்பளி இல்லாமல் அவள் தூங்கும் முதல் இரவுக்கு
மறுநாள் காலை
வெளியே நட வேண்டியது.
ஆச்சி அதை அப்படியே போனில் சொன்னார்.
மறுமுனையில் சிரிப்பு:
'அப்படி ஒரு இரவு போன வருஷம்
ஆடியிலதான் வந்துச்சு.'

பூம்பாறைக்கு மாற்றலாகிப் போன
கண்டக்டர் இருளப்பனுக்கு
நான் விதையே விற்கவில்லை.
அந்தக் குளிரில் பூ வரும், காய் நிற்காது,
முட்டைக்கோஸ் போடுங்கள் என்றேன்.
முட்டைக்கோஸ் விதை என்னிடம் இல்லை.

சிங்கப்பூர் என்றால் மாதம் சொல்வதில்லை.
தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறதா
என்பது மட்டும்தான் கேள்வி.

இந்தச் சரளை மண்ணுக்கு
ஆடியில் நாற்றங்கால், ஆவணியில் நடவு.
ஐப்பசி மழை அடிக்கும்போது
வேர் கல்லைப் பிடித்திருக்கும்.
விட்டால் மார்கழி, தை.
ஆனால் அதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்த்து
சித்திரை வரை வருவாயா என்று கேட்க வேண்டும்.
நடுவில், மழை மாதங்களில்,
யார் கெஞ்சினாலும் கத்தரி டப்பாவைத் திறப்பதில்லை.
நாற்று அழுகினால் பழி மழைக்கு அல்ல,
எனக்கு.
விவசாயம் படித்த சோலையப்பன்
செல்போனில் வெப்பநிலைக் கோடுகளைக் காட்டி வாதாடினான்.
பட்டம் வாங்கினால் போதாது தம்பி,
பட்டம் பார்க்கவும் தெரியணும் என்றேன்.
அவன்தான் முதலில் சிரித்தான்.
கோடும் அதையேதான் சொன்னது.

இந்த வருஷம் நடந்ததை
சந்தையில் யாரிடமும் சொல்லவில்லை.

கண்டனூர் சந்தனக்கருப்பு
முந்நூறு நாற்றுக்கு முன்பணம் தந்துவிட்டு வரவில்லை.
போர்வெல் காற்று வாங்கிவிட்டதாம்,
திருப்பூருக்கு லாரி ஓட்டப் போய்விட்டான்.
முப்பது நாளில் நாலிலை.
நாற்பதில் யாராவது கேட்பார்கள் என்றிருந்தேன்.
ஐம்பதில் தண்டு ஊதா நிறமாகி
விரலுக்கு வளைய மறுத்தது.
அறுபதைத் தாண்டிய ஒரு காலை
குழித்தட்டிலேயே ஒன்று
பூத்து நின்றது.
உள்ளங்கை அளவு மண்கூட இல்லாமல்
அந்த ஊதாவும் நடுவில் மஞ்சளும்.

முற்றிய நாற்றை எருக்குழியில் கொட்டு
என்று நான்தான் எல்லோருக்கும் சொல்வேன்.

பூவைக் கிள்ளினேன்.
கார்த்திகை ஏழாம் தேதி
எடைமேடைக்குப் பின்னால்
ஊரணிக் கரையோரம் மண்ணைக் கரையாய் உயர்த்தி
முந்நூறையும் நட்டேன்,
கடையில் விற்காத மாதத்தில்,
விற்க விடாத வயதில்.
அன்றிரவே பிடித்தது.
நாலு நாள், விடாமல்.
டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தேன்.
தண்ணீருக்கு மேலே சில நுனிகள்
பிடிவாதமாக.

வடிந்தபின் எண்ணினால் இருபத்துமூன்று.
பிறகு ஒரு ஆடு புகுந்தது.
பத்தொன்பது.

மாசி முதல் சந்தையில்
ஒரு கூடைக்குக் கொஞ்சம் குறைவாகக் காய்.
குட்டை, கோணல், தோல் மினுமினுப்பு.
பூச்சித்துளை இருந்ததைத் தனியாக வைத்தேன்.
வள்ளிக்கண்ணு ஆச்சி ஒன்றை எடுத்துக்
காம்பைக் கிள்ளிப் பார்த்தார்.
'எப்பப் போட்டது பஞ்சவர்ணம்?'

கார்த்திகை என்று சொன்னால்
வரும் கார்த்திகையில் ஊரே வந்து நிற்கும்.
இருநூற்று எண்பத்தொன்றை
அவர்கள் எண்ண மாட்டார்கள்.

தராசைப் பார்த்தபடி சொன்னேன்:
'ஆவணியில, ஆச்சி.
அரைக்கிலோவா, ஒரு கிலோவா?'